முகட்டில் நின்ற மான்

ஸ்காபரோ, ரொறன்ரோ
6 ஏப்ரல் 1997

அன்புத் தங்கை செலீனுக்கு,

வெள்ளிக்கிழமை நான் தொலைபேசியை இடையில் வைத்தது சரியில்லை. கோபம் வந்தால் எனக்கு வார்த்தை முன்னுக்கும் நியாயம் பின்னுக்கும் வருகிறது. ஆகவே இந்த விஷயத்தை இனி எழுத்திலேயே பேசுவோம். பேனாவோடு இருக்கும்போது நான் கொஞ்சம் நல்ல மனிதன்.

இங்கே ஆஸ்பத்திரிகளில் ஆட்களைக் குறைத்தபோது நீ கொலராடோவுக்கு நேர்ஸ் வேலைக்குப் போனாய். நான் தடுக்கவில்லை. "இந்த வயதிலை தனிய மலைக்குள்ளை போறாவோ?" என்று கேட்டவர்களுக்கு, "அவள் சமாளிப்பாள்" என்றேன். ஆனால் எல்க் வேட்டைக்குப் போகப் போகிறேன், துவக்குப் பிடிக்கும் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை.

உனக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எண்பத்தேழில் உன் மச்சாள் யூஜினி குசினிக்குள் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். றோட்டில் யாரோ யாருக்கோ சுட்டான். வெடி எங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. சுட்டவனுக்கு அவளோடு ஒரு பகையும் இல்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது.

மகள் நிரோஷினிக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்றிலிருந்து நீதான் அவளுக்குத் தாய். டிசம்பர் 27ஆம் திகதி அவளுக்கும் டெனிஸ்டனுக்கும் கலியாணம் என்று முடிவாகிவிட்டது. அன்றைக்குக் காலை கோவிலுக்குப் புறப்படமுன் அவள் முழந்தாளில் இருப்பாள். தாய் இடத்தில் நின்று அவள் நெற்றியில் சிலுவை போட வேண்டியவள் நீ. துவக்கின் விசையில் வைத்த விரலை அந்த நெற்றியில் வைக்க நான் விடமாட்டேன். யோசித்து எழுது.

அண்ணன்,
பேனாட்

*

கொலராடோ
20 ஏப்ரல் 1997

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் யூனிஃபோர்ம் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். யோசிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன்.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரு வெளிக்கு அப்பால், துவக்குப் பழகும் இடம் இருக்கிறது. பனி கரையத் தொடங்கியதும் ஆட்கள் அங்கே வந்து சுட்டுப் பழகுவார்கள். எனக்கு அது தெரியாது. மார்ச்சில் ஒருநாள் ஒரு கிழவருக்கு மருந்து எடுக்கப் போயிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது. அடுத்தது எனக்கு நினைவில் இருப்பது, மருந்தறையின் நிலத்தில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்ததுதான். மருந்துப் போத்தல் உடைந்து கிடந்தது. கிழவர் மணி அடித்து அடித்துக் களைத்துவிட்டார்.

என்னோடு வேலை செய்யும் கரோல்தான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். என்னிலும் மூத்தவள். புருஷன் இறந்த பிறகும் வருஷா வருஷம் தனியாக மலையேறி எல்க் வேட்டையாடுகிறவள். எல்க் என்றால் எங்கள் வன்னி மரையிலும் பெரிய மான். ஒன்று விழுந்தால் ஒரு குடும்பத்துக்கு மாரிகாலம் முழுக்க இறைச்சி. அவள் எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "என்னோடு வந்து அந்தச் சாமானைக் கையில் எடுத்துப் பார். அது தானாகச் சுடாது. யாரோ ஒருவர்தான் சுட வேண்டும்" என்றாள்.

அண்ணை, பத்து வருஷமாக நான் யாருடைய துவக்குக்கோ பயந்துகொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு முடிவு வேண்டும். வகுப்புக்குப் போகிறேன். உங்களுக்கு ஒளித்துப் போகலாம், போகவில்லை.

நிரோவின் நெற்றியை வைத்து என்னை மிரட்டாதீர்கள். அவளுடைய தலையில் பேன் பார்த்த விரலும் இதுதான்.

செலீன்

*

ஸ்காபரோ
1 ஜூன் 1997

அன்புத் தங்கைக்கு,

மிரட்டவில்லை. உன்னைப் பிடித்து நிறுத்த என்னிடம் வேறு கயிறு இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கனடாவுக்கு வந்த புதிதில் 401 நெடுஞ்சாலையில் கார் ஏற்ற எனக்குப் பயம். பெரிய லொறிகள் பக்கத்தில் வந்தால் கை வேர்க்கும். நான் என்ன செய்தேன்? கிங்ஸ்டன் றோட்டால் சுற்றிப் போகப் பழகினேன். இன்றைக்கும் அப்படித்தான் போகிறேன். ஒரு குறையும் இல்லை. எல்லாப் பயத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? சிலதைச் சுற்றிக்கொண்டு போகலாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறு. விட்பியில் முதியோர் இல்லம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று நிரோஷினி சொல்கிறாள்.

சம்பந்தி அன்புராசா எல்லாவற்றையும் கேட்டு அறிகிற மனிதர். "மாமி என்ன செய்யிறா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

இன்னொன்று. இது வெறும் அறியும் ஆசைதான், சம்மதம் என்று எடுத்துவிடாதே. அந்த வகுப்பில் என்னதான் படிப்பிக்கிறார்கள்? சோதனை உண்டா?

அண்ணன்

*

கொலராடோ
6 ஜூலை 1997

அன்புள்ள அண்ணைக்கு,

சோதனை உண்டு. எழுதினேன். முழுப் புள்ளி.

இங்கே நாற்பத்தெட்டாம் ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்கள் வகுப்புக்குப் போய்ச் சித்தியடையாமல் அனுமதிச் சீட்டு எடுக்க முடியாது. நான் ஐம்பதில் பிறந்தவள். இரண்டு வருஷம் முந்திப் பிறந்திருந்தால் தப்பியிருப்பேன். வகுப்பு தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் நடந்தது. என் வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் இருந்த சிறுமி, "நீங்கள் எங்கள் ரீச்சரா?" என்று கேட்டாள். "இல்லை, உன் வகுப்புத்தான்" என்றேன். ஒருநாள் அவள் என் கொப்பியைப் பார்த்து எழுத எட்டினாள். கையால் மறைத்துவிட்டேன். பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவருடைய தங்கச்சியல்லவா.

படிப்பித்ததில் பாதி துவக்கைப் பற்றியதே இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது. விழுந்த மிருகத்தை வெயில் ஏறமுன் உரித்துக் கூறாக்கி, இறைச்சியை ஆறவைத்து முதுகில் சுமந்து இறக்குவது. சுமக்க முடியாத தூரத்தில் சுடாமல் இருப்பது. கலைமான் என்றால் ஒரு கொம்பில் நாலு கிளை இருக்க வேண்டும். எண்ணாமல் சுட்டால் குற்றம். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படும்படி செம்மஞ்சள் சட்டையும் தொப்பியும் போட வேண்டும். அந்த நிறத்தில் என்னைக் கண்டால் றோட்டுப் போடுகிற ஆள் என்றுதான் நினைப்பீர்கள்.

மற்றப் பாதி, எப்போது சுடக் கூடாது என்பது. குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடாதே என்று ஒவ்வொரு நாளும் சொல்ல வைத்தார்கள்.

முதல் நாள் பழகும் இடத்தில் கரோலின் துவக்கைக் கையில் எடுத்ததும் சத்தி எடுத்தேன். இரண்டாம் நாளும் எடுத்தேன். பிறகு நின்றுவிட்டது. இப்போது மருந்தறைக்குள் நிற்கும்போது வெடி கேட்டால், "உவன் அவசரப்படுகிறான்" என்று மட்டும் நினைக்கிறேன்.

கிங்ஸ்டன் றோட்டால் போய்ப் போய்த்தான் நீங்கள் எந்த வீட்டுக்கும் சாப்பாடு முடிந்த பிறகு போய்ச் சேருகிறீர்கள். அது ஒரு குறைதான்.

ஒக்ரோபரில் மலைக்குப் போகிறோம். சீட்டு எடுத்துவிட்டேன்.

செலீன்

*

ஸ்காபரோ
7 செப்ரெம்பர் 1997

செலீனுக்கு,

முழுப் புள்ளி எடுத்தது கேட்டுச் சந்தோஷப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை. அது மாஸ்டருடைய வியாதி, மாறாது.

ஆனால் நான் சொன்னது சொன்னதுதான். நீ சீட்டு எடுத்தாய், நானும் ஒரு முடிவு எடுத்தேன். யூஜினியின் ஒன்றுவிட்ட தங்கை அன்ரனெற்றைத் தாய் இடத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சம்மதித்துவிட்டா. நீ கலியாணத்துக்கு வரலாம், வர வேண்டும். சனத்தோடு இருக்கலாம்.

நிரோஷினி என்னோடு மூன்று நாளாகக் கதைக்கவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

பேனாட்

*

கொலராடோ
2 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தினால் அல்ல. எழுதத் தொடங்கினால் கெஞ்சிவிடுவேன் என்று பயந்தேன்.

வேட்டைக் காலம் முடிந்துவிட்டது. என் சீட்டில் ஒன்றும் விழவில்லை. நீங்கள் வேறு யாரிடமாவது கேட்கமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் நடந்தது சிரிப்பு. குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்று, வரும்போது நீங்கள் தந்துவிட்ட கற்பூரத் தைலத்தை இரண்டு காலிலும் தேய்த்துக்கொண்டு போனேன். விடியப்புறம் ஒரு மந்தை எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. காற்று எங்கள் முதுகுப் பக்கம் திரும்பியதும் எல்லாம் ஒரேயடியாகத் தலையைத் தூக்கின. பிறகு மலை வெறுமையாக இருந்தது. கரோல் என்னை மோந்து பார்த்துவிட்டு, "செலீன், இந்தப் பள்ளத்தாக்கில் இனி எந்த எல்க்குக்கும் தடிமன் சளி வராது" என்றாள்.

பிறகு மூன்று நாள் நடந்தோம். ஒன்பதாயிரம் அடிக்கு மேல் மூச்சு எடுப்பதே ஒரு வேலை. கடைசி நாள் காலை கரோல் ஒரு மரத்தடியில் இருந்துவிட்டாள். "நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாய் திறக்கமாட்டேன். உன் கண், உன் கை" என்றாள். நான் ஒரு விழுந்த மரத்தின் மேல் துவக்கை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அது முகட்டில் வந்து நின்றது. தனிக் கலைமான். அடிக்கொம்பிலிருந்து எண்ணினேன். ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு கிளை. அகலப் பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றது. மூச்சு புகைபோல வந்தது. கரோல் தன் வாழ்க்கையில் அப்படி ஒன்றை இரண்டு முறைதான் கண்டிருக்கிறாளாம். கை நடுங்கவில்லை, அண்ணை. அதை நீங்கள் நம்ப வேண்டும். குறி தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. துவக்கின் பூட்டையும் திறந்துவிட்டேன்.

ஆனால் அதற்குப் பின்னால் ஆகாயம். மலை அதோடு முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு அடி கீழே இறங்கினால் பின்னால் மண் வரும், சுடலாம் என்று காத்திருந்தேன். இறங்கு, இறங்கு என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

நான் பூட்டைப் போட்டுவிட்டு எழும்பினேன். இரண்டு பேரும் முகட்டுக்கு ஏறிப் பார்த்தோம். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் வெறும் பற்றை. ஒரு மனிதர் இல்லை, ஒரு கூடாரம் இல்லை. சுட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இப்போது எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "ஆகாயத்துக்குப் பயந்தவள் வருகிறாள்" என்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை. உங்களோடு சண்டை பிடித்து, நிரோவின் பக்கத்தில் நிற்கிற இடத்தையும் விட்டுவிட்டுப் போய், வெறுங்கையோடு வந்திருக்கிறேன்.

கலியாணத்துக்கு வருவேன். எங்கே இருக்கச் சொன்னாலும் இருப்பேன்.

செலீன்

*

ஸ்காபரோ
12 நவம்பர் 1997

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை முதலில் நான் வாசித்தேன். பிறகு நிரோஷினியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். முகடு வந்த இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. மிச்சத்தை அவள் வாசித்தாள்.

அந்தக் கடிதம் வந்த கிழமைதான் எங்களுடைய பங்கு இறைச்சி நாள். ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஆடு வாங்கி, அடித்து, நீலப் பிளாஸ்ரிக் விரிப்பில் கூறு போட்டுப் பிரிப்போம் என்பது உனக்குத் தெரியும். அன்புராசாதான் கத்தி பிடிக்கிறவர். நிரோஷினி டெனிஸ்டனுக்குச் சொல்ல, டெனிஸ்டன் தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறான். ஆட்கள் எல்லாம் சுற்றிவர நிற்கும்போது அவர் தொடங்கினார்.

"என்ன மாஸ்டர், உங்கடை தங்கச்சி அமெரிக்காவிலை துவக்கோடை மலை மலையாய்த் திரியிறாவாம்?"

நான் இவ்வளவு காலமும் பயந்த கேள்வி அதுதான். "ஓம்" என்றேன்.

"ஒண்டும் விழேல்லையாம். நேரை வந்து நிண்டதையும் விட்டிட்டாவாம். உது பொம்பிளையளுக்குச் சரிவராது மாஸ்டர். ஆட்டிறைச்சி வேணுமெண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு என் பங்கை வாங்கிக்கொண்டு வரலாம். கிங்ஸ்டன் றோட்டு அங்கேயும் எனக்குத் திறந்திருந்தது. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"அவள் தவறவிடேல்லை. சுடேல்லை" என்றேன்.

"இரண்டும் ஒண்டுதானே, மாஸ்டர்?"

"இல்லை. குறி சரி, கை சரி, சட்டம் சரி. மான் முகட்டிலை நிண்டது. பின்னாலை ஆகாயம். அதாலை சுடேல்லை."

"ஆகாயத்திலை வெடி பட்டால் ஆருக்கு நோகும்?"

"வெடி ஆகாயத்திலை நிண்டுடும் எண்டு நினைக்கிறியளோ? அது எங்கையோ போய் விழும். எங்கடை குசினிச் சுவருக்குள்ளாலை வந்ததும் அப்பிடி ஒண்டுதான்."

நான் நிறுத்தவில்லை. முப்பது வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு ஒரு கூட்டம் அமைதியானால் நிறுத்தத் தெரியாது. "என்ரை வாழ்க்கையிலை துவக்கு வைச்சிருந்த எத்தினையோ பேரைப் பாத்திட்டன். யூனிஃபோர்ம் போட்டவையும் பாத்திட்டன், போடாதவையும் பாத்திட்டன். அந்தப் பக்கம் ஆர் நிக்கினமோ தெரியாது எண்டு போட்டுத் துவக்கைக் கீழை வைச்ச ஒராளை இப்பதான் அறியிறன். அந்த ஆள் என்ரை தங்கச்சி" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பண்ணைக்கார வெள்ளையர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

அன்புராசா கத்தியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு உந்தக் கதை தெரியாது, மாஸ்டர்" என்றார். கூறு போடுகிற பையனிடம், "மாஸ்டரின்ரை பங்குக்கை ஈரலைக் கூட்டிப் போடு" என்றார். திரும்பி வரும்போது காரில் என்னோடு வந்த இருவரும் உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த மானுக்கு எத்தனை கிளை என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு என்று நான் ஏதோ நானே எண்ணியதுபோலச் சொன்னேன்.

செலீன், அந்தப் பக்கம் ஒன்றும் இருக்கவில்லை என்று எழுதி வெட்கப்பட்டிருக்கிறாய். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்தால் விடை பூச்சியமாக வந்தாலும் நான் முழுப் புள்ளி போடுவேன். ஒருவரும் இல்லை என்பது நீ ஏறிப் பார்த்த பிறகு தெரிந்தது. படுத்திருந்தபோது தெரியாது. அந்தத் தெரியாத நேரத்தில் நீ என்ன செய்தாய் என்பதுதான் எனக்குப் பெரிது.

அன்ரனெற்றிடம் போய்ப் பேசினேன். "நான் உங்களுக்காகத்தான் ஓமெண்டனான், பேனாட் அண்ணை. அந்தப் பிள்ளைக்கு முன்னாலை நிக்க எனக்கே கூச்சமாய்க் கிடந்தது" என்றா. ஆகவே இடம் உன்னுடையது. நான் உன்னிடம் அதைப் பறித்தது பிழை. வருவாயா என்று கேட்கிறேன்.

அண்ணன்

*

கொலராடோ
19 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைக் கரோலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஈரல் என்ற இடத்தில் அவள் கைதட்டினாள். அது பெரிய மரியாதை என்று நான் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

வருவேன். ஆனால் வரமுன் ஒன்று தெளிவாக இருக்கட்டும். நான் சுடாமல் விட்டதால் உங்களுக்குச் சந்தோஷம். இனிச் சுடவே மாட்டேன் என்று எடுத்துவிடாதீர்கள். அந்த மான் இரண்டு அடி கீழே இறங்கியிருந்தால் சுட்டிருப்பேன். உரித்திருப்பேன். சுமந்து இறக்கியிருப்பேன். அடுத்த வருஷமும் போவேன். பின்னால் மண் இருந்தால் சுடுவேன்.

இது தெரிந்துகொண்டு நீங்கள் கூப்பிட வேண்டும். சுடாத செலீனை மட்டும் கூப்பிட்டால், நான் சனத்தோடேயே இருந்துவிடுகிறேன்.

செலீன்

*

ஸ்காபரோ
10 டிசம்பர் 1997

அன்புத் தங்கைக்கு,

தபால்காரரின் வேலைநிறுத்தம் முடிந்து உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இத்தனை நாளும் பதில் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதை உன் குரலில் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

உன் கேள்வியை நான் ஒரு முழு இரவு யோசித்தேன் என்று எழுதினால் பொய். வாசித்து முடிக்கமுன்னமே பதில் தெரிந்துவிட்டது. சுடாமல் விட்டதற்காக மட்டும் நான் உன்னை மெச்சினால், சுடத் தெரியாதவனையும் அப்படி மெச்சலாம். எனக்குப் பெருமை, தீர்மானிக்கிறது உன் கண்ணும் உன் புத்தியும் என்பதில். அது இரண்டு பக்கமும் வெட்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் போ. மண் இருந்தால் சுடு.

23ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். டெனிஸ்டன் பக்கத்தில் இருப்பான், ஆனால் ஓட்டுவது நான். 401ஆல்.

வீட்டில் ஆட்கள் வந்து போகிறார்கள். தாய் இடத்தில் ஆர் நிக்கினம் என்று கேட்கிறார்கள். நிரோஷினி வாய் திறக்கமுன் நான் சொல்லிவிடுகிறேன்: "என்ரை தங்கச்சி செலீன். கொலராடோவிலை வேட்டைக்காரி."

அண்ணன்,
பேனாட்